கிழக்காசியச் சரித்திரமும் நம்முடைய கேள்விகளும்

(தென்னேரியில் நடைபெற்ற அரசியல் வகுப்பில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைய வகுப்பின் தலைப்பைக் கேட்டதும் உங்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். மதகுப் பழுது இருக்கிறது, மனைப்பட்டா இருக்கிறது, நெல் கொள்முதல் இருக்கிறது. இத்தனை பிரச்னைகளையும் விட்டுவிட்டு சீனா, ஜப்பான், கொரியாச் சரித்திரம் தென்னேரிக்கு எதற்கு? நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போவது சரியல்ல.

நம் வட்டாரத்திலிருந்து காலேஜுக்குப் போகும் பிள்ளைகளில் சரித்திரப் பாடம் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிழக்காசியச் சரித்திரம் ஒரு பேப்பராக வருவதுண்டு. அபினி யுத்தம், மெய்ஜி ஆட்சி, ருஷ்ய-ஜப்பானிய யுத்தம், சன் யாட்-சென், 1949 என்று பாடம் வரிசையாகப் போகும். ஐந்து மார்க் கேள்வி, பத்து மார்க் கேள்வி என்று பரீட்சை நடக்கும். பரீட்சை முடிந்த மறுநாள் புத்தகம் பரணுக்குப் போய்விடும்.

நாம் சொல்வது இதுதான்: அந்தப் பேப்பரில் நம் நிலத்தின் கதை இருக்கிறது. காஞ்சிபுரத்துப் பட்டின் கதை இருக்கிறது. ஒரகடத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் ஷிப்டுக்குப் போகும் நம் பிள்ளைகளின் கதையும் இருக்கிறது. ஆனால் அது அப்படிச் சொல்லிக் கொடுக்கப்படுவதில்லை. மன்னர்கள், மந்திரிகள், உடன்படிக்கைகள் என்று ஒரு பட்டியலாக அது சுருங்கிப் போகிறது. நிலத்தில் உழுதவனும் ஆலையில் உழைத்தவளும் பக்க ஓரத்தில்கூட வருவதில்லை. இதை மாற்றக் கோருவது நம் இயக்கத்தின் வேலைகளில் ஒன்று.

எங்கிருந்து தூரம்?

முதலில் பெயரைப் பாருங்கள். நெடுங்காலமாக நம் காலேஜ்களில் இந்தப் பாடத்துக்குத் ‘தூரக் கிழக்கு நாடுகளின் சரித்திரம்’ என்று பெயர். எங்கிருந்து தூரம்? சென்னையிலிருந்து சீனத்தின் காண்டன் நகரம் ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். லண்டனோ 8,000 கிலோமீட்டருக்கு மேல். டோக்கியோகூட நமக்கு லண்டனைவிடக் கிட்டத்தில்தான் இருக்கிறது. மேலத் தெருவில் குடியிருப்பவன் கீழத் தெருவைத் தூரம் என்று சொன்னால், நடுத் தெருவில் இருப்பவனும் அதையே திருப்பிச் சொல்ல வேண்டுமா? லண்டனில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் வைத்த பெயர் அது. அவர்கள் கப்பல் நம் கரையைத் தொட்டுவிட்டுத்தான் சீனத்துக்குப் போயிற்று. அதனால் அவர்களுக்கு அது தூரம்.

நமக்கு அது எவ்வளவு கிட்டம் என்பதற்குக் காஞ்சிபுரமே சாட்சி. சீன யாத்திரிகர் யுவான் சுவாங் 640-ஆம் ஆண்டு வாக்கில் காஞ்சிக்கு வந்தார். இந்த நாட்டு மண் வளமானது, பயிர்த்தொழில் ஒழுங்காக நடக்கிறது, தானியம் ஏராளமாக விளைகிறது என்ற கருத்தில் அவருடைய குறிப்பு இருக்கிறது. பல்லவன் இரண்டாம் நரசிம்மவர்மன் 720-ல் சீனத்துக்குத் தூது அனுப்பினான். சோழர்கள் 1015-லும் 1033-லும் 1077-லும் அனுப்பினார்கள். கடைசியாகப் போன குழுவில் 72 பேர் இருந்ததாகச் சீன ஏடுகள் சொல்லுகின்றன. சீனத் துறைமுகமான சுவான்சௌவில் 1281-ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. நாகப்பட்டினத்தில் ‘சீனக் கோபுரம்’ என்று ஜனங்கள் அழைத்த புத்த விகாரத்துக் கோபுரம் 1867-ல் இடிக்கப்படும் வரையில் நின்றது.

இவையெல்லாம் பெருமைக்குரிய விஷயங்கள்தாம். மேடை தோறும் சொல்லப்படுபவைதாம். ஆனால் சரித்திரம் பெருமையோடு நின்றுவிட்டால் அது பாதிச் சரித்திரம். தூது போன கப்பலில் ஏற்றிய சரக்கு யார் உழைப்பில் வந்தது என்று கேட்டால்தான் மற்றப் பாதி தெரியும். அந்தக் கேள்வியை நவீன காலத்தின் மீது போட்டுப் பார்ப்போம்.

அபினியும் சிப்பாயும்

அபினி யுத்தம் என்று பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயம் இருக்கும். 1839-ல் தொடங்கியது, 1842-ல் நான்கிங் உடன்படிக்கையோடு முடிந்தது, ஹாங்காங் பிரிட்டிஷார் கைக்குப் போயிற்று. மாணவர்கள் இதை ஒப்பிப்பார்கள். அந்த அபினி எங்கே விளைந்தது?

அது நம் நாட்டில் விளைந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1773-ல் வங்காள அபினி வியாபாரத்தைத் தன் ஏகபோகமாக்கிக் கொண்டது. பீகாரிலும் காசி வட்டாரத்திலும் விவசாயிக்கு முன்பணம் கொடுத்துக் கட்டிப்போட்டு, தான் நிர்ணயித்த விலைக்கே அபினியை வாங்கிற்று. கல்கத்தாவில் ஏலம் போட்டது. தனிப்பட்ட வியாபாரிகள் அதைக் கள்ளத்தனமாகச் சீனத்துக்குள் கொண்டுபோய் விற்றார்கள். அந்தப் பணத்தில் சீனத் தேயிலை வாங்கி இங்கிலாந்துக்கு ஏற்றினார்கள். ஒரே சங்கிலியில் இந்திய விவசாயியின் கழுத்தும் சீன ஏழையின் கழுத்தும் மாட்டப்பட்டிருந்தன. சங்கிலியின் முனை லண்டனில் இருந்தது. 1839-ல் சீன அதிகாரி லின் செக்ஸு, 20,000 பெட்டிகளுக்கு மேற்பட்ட அபினியைப் பறிமுதல் செய்து ஹூமென் என்ற இடத்தில் அழித்தார். அதற்குத்தான் யுத்தம்.

யுத்தத்துக்கு யார் போனார்கள்? பிரிட்டிஷ் சிப்பாய்களோடு இந்தியச் சிப்பாய்களும் போனார்கள். அவர்களில் சென்னை மாகாணப் படையினரும் இருந்தார்கள். 1841 மே மாதக் கடைசியில் காண்டனுக்கு வடக்கே சான்யுவான்லி என்ற கிராமத்துப் பக்கம், கொள்ளையும் மானபங்கமும் செய்த அந்நியப் படையை எதிர்த்து, சுற்றுப்பட்ட கிராமங்களின் விவசாயிகள் ஈட்டியும் மண்வெட்டியும் எடுத்துத் திரண்டார்கள். பெரும் மழை கொட்டியது. துப்பாக்கி மருந்து நனைந்தது. சென்னைக் காலாட்படையின் 37-வது ரெஜிமெண்டைச் சேர்ந்த ஒரு கம்பெனி வழி தவறி, விவசாயிகளின் முற்றுகையில் சிக்கிக் கொண்டது. பின்னால் வந்த கடற்படை வீரர்கள் அதை மீட்டார்கள்.

சீனத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சான்யுவான்லியை, அந்நியப் படையெடுப்புக்கு எதிரான ஜனங்களின் முதல் எழுச்சிகளில் ஒன்றாகப் படிக்கிறார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறார்கள்? அந்த மழையில் நனைந்த துப்பாக்கியைப் பிடித்திருந்த கை, வயிற்றுப் பிழைப்புக்காகச் சென்னை மாகாணத்திலிருந்து போன கை. விவசாயி வீட்டுப் பிள்ளையை விவசாயி மீது ஏவிவிடுவதுதான் ஏகாதிபத்தியத்தின் வித்தை. இதைப் பாடமாகச் சொல்லாமல் அபினி யுத்தத்தை வேறு எப்படிச் சொல்லுவது?

எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1900-ல் பாக்ஸர் கலகத்தை அடக்க எட்டு வல்லரசுகள் பீகிங்குக்குப் படை அனுப்பியபோது, ராஜபுத்திரப் படையில் கதாதர் சிங் என்ற சிப்பாய் போனார். அங்கே கழித்த பதின்மூன்று மாதங்களைப் பற்றி ஹிந்தியில் புத்தகம் எழுதினார். சீன ஜனங்கள் பட்ட பாட்டை அவர் இரக்கத்தோடு எழுதி வைத்தார். 1938-ல் ஜப்பானிய ஏகாதிபத்தியம் சீனத்தைச் சூறையாடியபோது, இந்திய ஜனங்கள் காசு திரட்டி ஐந்து டாக்டர்களை அனுப்பினார்கள். அவர்களில் சோலாப்பூரைச் சேர்ந்த டாக்டர் கோட்னிஸ், சீனப் போராளிகளுக்கு வைத்தியம் செய்துகொண்டே 1942 டிசம்பர் 9-ல் 32 வயதில் உயிர் நீத்தார். முன்னே அபினியையும் சிப்பாயையும் அனுப்பியது சாம்ராஜ்யம்; பின்னே மருந்தையும் டாக்டரையும் அனுப்பியவர்கள் ஜனங்கள். இந்த இரண்டு பயணங்களையும் சேர்த்துப் படிப்பதுதான் கிழக்காசியச் சரித்திரம்.

சர்வகலாசாலைக்குள் சீனம் வந்த விதம்

நம் சர்வகலாசாலைகள் இந்தப் படிப்பை எப்படி ஆரம்பித்தன? இந்தக் கதையும் தெரிந்திருக்க வேண்டும்.

சென்னைச் சர்வகலாசாலையில் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி 1939-ல் ஒரு நூல் கொண்டு வந்தார். மெகஸ்தனீஸ் முதல் மா ஹுவான் வரையில் அந்நிய யாத்திரிகர்கள் தென்னிந்தியாவைப் பற்றி எழுதிய குறிப்புகளின் தொகுப்பு அது. சீனக் குறிப்புகளுக்கு அதில் பெரிய இடம். பெரிய உழைப்புதான். ஆனால் அந்த வழியில் சீனம் நமக்கு ஒரு கண்ணாடியாக மட்டுமே இருந்தது. அவர்கள் நம்மைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று பார்த்தோம். அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்க்கவில்லை.

வடக்கே சாந்திநிகேதனத்தில் 1937 ஏப்ரல் 14-ல் தாகூர் ‘சீன பவனம்’ திறந்தார். சீன அறிஞர் தான் யுன்-ஷான் அதை நடத்தினார். அண்டை வீட்டானைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் எழுந்த ஸ்தாபனம் அது. 1955-ல் டில்லியில் சர்வதேச விவகாரப் படிப்புக்கென்று ஒரு கல்விக்கூடம் ஏற்பட்டது. 1970-ல் அது ஜவஹர்லால் நேரு சர்வகலாசாலையோடு சேர்ந்தது.

இடையில் 1962 வந்தது. எல்லை யுத்தம் நடந்தது. கல்கத்தாவிலும் அஸ்ஸாமிலும் தலைமுறையாக வாழ்ந்த சீன வம்சத்தார் ஆயிரக்கணக்கில் ராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். நம் இயக்கத்தின் தோழர்கள் பலரும் சிறைக்குப் போனார்கள். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1964-ல், டில்லி சர்வகலாசாலையில் சீனப் படிப்புக்கென்று மையம் திறக்கப்பட்டது. அமெரிக்க ஃபோர்டு ஸ்தாபனம் பணம் கொடுத்தது. சீனாவைப் பற்றிய ஆராய்ச்சிப் பத்திரிகையும் அதே வருஷத்தில்தான் டில்லியில் தொடங்கியது.

தோழர்களே, இதன் தாத்பரியத்தைக் கவனியுங்கள். சமாதான காலத்தில் கிடைக்காத பணமும் பதவியும் யுத்தத்துக்குப் பிறகு கிடைத்தன. அண்டை நாட்டைப் பயத்தினால் படிக்க ஆரம்பித்தால், படிப்பவனுக்குக் கண்ணில் படுவது பட்டாளமும் ராஜதந்திரமும்தான். சோறும் நிலமும் கூலியும் கண்ணில் படா. அங்கே வேலை செய்த ஆசிரியர்களில் நல்ல மனிதர்கள் பலர் இருந்தார்கள். சீன விவசாயியைப் பற்றியும் சீனப் புரட்சியைப் பற்றியும் நிதானமாக எழுதினார்கள், மாணவர்களை உருவாக்கினார்கள். ஆனால் வாசல் திறந்தது பயத்தால். பின்னால், 1990-களுக்குப் பிறகு, இன்னொரு வாசல் திறந்தது, அது வியாபாரத்தால். இப்போது சீன மொழியும் கொரிய மொழியும் ஜப்பானிய மொழியும் படித்தால் கம்பெனியில் வேலை கிடைக்கும் என்கிறார்கள். கிடைக்கட்டும், தவறில்லை. ஆனால் பயமும் லாபமும் மட்டுமே ஆசான்களாக இருந்தால் ஜனங்களின் சரித்திரத்தை யார் சொல்லிக் கொடுப்பது?

டோக்கியோவிலிருந்து வந்த மாணவர்

ஓர் அயல்நாட்டை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு நம் கண்முன்னே ஓர் உதாரணம் உண்டு. ஜப்பானியர் நொபொரு கராஷிமா 1933-ல் பிறந்தவர். டோக்கியோ சர்வகலாசாலையில் படித்துவிட்டு, 1961 முதல் 1964 வரையில் சென்னைச் சர்வகலாசாலையில் மாணவராக இருந்தார். தமிழ் கற்றார். கல்வெட்டு வாசிக்கப் பழகினார். பின்னால் டோக்கியோவில் பேராசிரியராகி, ஜப்பானிய மாணவர்களுக்குத் தென்னிந்தியச் சரித்திரம் கற்பித்தார். 2015-ல் காலமானார்.

அவர் நம் கல்வெட்டுகளில் எதைத் தேடினார்? எந்த ராஜா எத்தனை தேசம் ஜெயித்தான் என்பதைத் தேடவில்லை. நிலம் யாரிடம் இருந்தது என்று தேடினார். சோழ நாட்டில் ஈசானமங்கலம், அல்லூர் என்ற பக்கத்துப் பக்கத்து இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டார். ஒன்று பிராமணர்களுக்குக் கொடுத்த பிரமதேயம். மற்றது சாதாரண வெள்ளான் ஊர். பிரமதேயத்தில் நிலம் தனித்தனி ஆளின் சொத்தாக இருந்தது. மற்ற ஊரில் ஊராரின் கூட்டு உடைமையாகத் தெரிந்தது. காலம் போகப் போக அந்தக் கூட்டுடைமை உடைந்து, நிலம் சிலர் கையில் குவிந்ததையும் அவர் காட்டினார். ஆயிரக்கணக்கான கல்வெட்டுப் பெயர்களை எண்ணி, வகைபிரித்து, நம் ஆராய்ச்சியாளர் எ. சுப்பராயலு போன்றவர்களோடு சேர்ந்து அட்டவணை போட்டார். துதி பாடவும் இல்லை, தூற்றவும் இல்லை, கணக்குப் பார்த்தார்.

இந்த முறையை இங்கேயே பரீட்சை செய்யலாம். நமக்குப் பக்கத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் 919-லும் 921-லும் அங்கே வெட்டப்பட்டன. உலகத்துக்கே ஜனநாயகம் கற்றுக் கொடுத்த ஊர் என்று மந்திரிகள் பேசுகிறார்கள். கல்வெட்டு என்ன சொல்லுகிறது? குடத்தில் பெயர் எழுதிப் போடத் தகுதி யாருக்கு? வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். கணக்குக் காட்டாத பழைய உறுப்பினருக்கு இடமில்லை என்ற நல்ல விதியும் அதில் உண்டு. ஆனால் உழுத குத்தகைக்காரனுக்கும் நாற்று நட்ட பெண்ணுக்கும் சேரிக்காரனுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. திரையன் வெட்டினான் என்று நீங்கள் சொல்லும் இந்தத் தென்னேரி ஏரியையும், திரையன் ஒருவனே மண் சுமந்து கரை போட்டிருக்க முடியாது அல்லவா?

ஒரு ஜப்பானியர் தமிழ் கற்று வந்து நம் நிலத்தின் கணக்கைப் பார்த்தார். சீன மொழியோ ஜப்பானிய மொழியோ கற்று, அங்குள்ள கிராமத்தின் நிலக்கணக்கைப் பார்த்துத் தமிழில் எழுத நம் சர்வகலாசாலைகள் எத்தனை பேரைத் தயார் செய்திருக்கின்றன? கைவிரல் விட்டு எண்ணிவிடலாம்.

நிலக்கணக்கு சொல்லும் பாடம்

அந்தக் கணக்கைப் பார்த்தால் நமக்கு என்ன தெரியும்?

மெய்ஜி ஜப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். 1868-க்குப் பிறகு ரயில் வந்தது, ஆலை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது என்று பாடம் சொல்லும். பணம் எங்கிருந்து வந்தது? 1873-ல் நில மதிப்பில் நூற்றுக்கு 3 வீதம் ரொக்கமாக வரி போட்டார்கள். விளைந்தாலும் விளையாவிட்டாலும் கட்ட வேண்டும். நம் ரயத்துவாரிக் கிஸ்தியை நினைத்துக்கொள்ளுங்கள். விவசாயிகள் கலகம் செய்தார்கள், 1877-ல் 2.5 ஆகக் குறைத்தார்கள். வரி கட்ட முடியாதவன் நிலத்தை இழந்து குத்தகைக்காரனானான். அவன் மகள் பட்டு நூற்பு ஆலைக்குப் போனாள். அந்தப் பட்டை விற்ற அந்நியச் செலாவணியில்தான் யந்திரமும் யுத்தக் கப்பலும் வாங்கினார்கள். 1886 ஜூன் மாதம் கோஃபு நகரத்துப் பட்டு ஆலையில் நூறு பெண்களுக்கு மேல் வேலையை நிறுத்தினார்கள். ஜப்பானிய ஆலைத் தொழிலாளரின் முதல் வேலைநிறுத்தம் அதுதான் என்று சொல்லுகிறார்கள். காஞ்சிபுரத்து நெசவாளி வீட்டுப் பெண்ணுக்கு இந்தப் பாடம் தூரக் கிழக்கா?

அடுத்தது நிலச் சீர்திருத்தம். சீனத்தில் 1950 ஜூன் 30-ல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அந்நாட்டு சர்க்கார் கணக்குப்படி, நிலமில்லாத, நிலம் போதாத 30 கோடி விவசாயிகளுக்கு ஏறத்தாழ 70 கோடி மூ நிலம் கிடைத்தது. ஏக்கர் கணக்கில் இது 11 கோடிக்கு மேல். வட கொரியாவில் 1946-லேயே நிலத்தைப் பிரித்துவிட்டார்கள்.

புரட்சி நடக்காத இடங்களைப் பாருங்கள். ஜப்பானில் 1946-ல், அமெரிக்க ஆக்கிரமிப்பு அதிகாரிகளின் கீழேயே சட்டம் வந்தது. வெளியூரில் இருக்கும் நிலச்சொந்தக்காரனிடமிருந்து குத்தகை நிலம் முழுவதையும் சர்க்கார் வாங்கிற்று. உள்ளூரில் இருப்பவன் பெரும்பாலான பகுதிகளில் இரண்டரை ஏக்கர் அளவுக்கு மட்டும் குத்தகைக்கு விடலாம். நூற்றுக்கு 46 பங்காக இருந்த குத்தகை நிலம் சில வருஷங்களில் பத்துப் பங்காகக் குறைந்தது. தைவானில் 1949-ல் குத்தகையை விளைச்சலில் 37.5 சதவீதத்துக்குள் கட்டினார்கள். 1953-ல் உழுபவனுக்கு நிலம் கொடுத்தார்கள். தென் கொரியாவில் 1950-ல் சட்டம் அமலாயிற்று. உச்சவரம்பு சுமார் ஏழரை ஏக்கர்.

அமெரிக்க தளபதிக்கு விவசாயி மீது அன்பா? இல்லை. ஜப்பானில் குத்தகை விவசாயிகளின் சங்கங்கள் இருபது, முப்பது வருஷமாகப் போராடி வந்தன. பக்கத்தில் சீனப் புரட்சி ஜெயித்துக்கொண்டிருந்தது. நிலத்தைத் தானாகக் கொடுக்காவிட்டால் விவசாயி எடுத்துக்கொள்வான் என்ற பயம் மேலே இருந்தவர்களைப் பிடித்துக்கொண்டது. இதைச் சொல்லாமல், கிழக்காசியாவின் வளர்ச்சிக்குக் காரணம் அவர்களுடைய ‘கட்டுப்பாடு’, ‘கலாசாரம்’ என்று கதை சொல்லுகிறவர்கள் பாதி உண்மையை விழுங்குகிறார்கள். நிலம் கிடைத்த விவசாயியின் பிள்ளை பள்ளிக்கூடம் போனான். ஆலைக்கு ஆளும் கிடைத்தது, ஆலைச் சரக்கை வாங்கக் கையில் காசுள்ள கிராமமும் கிடைத்தது.

இங்கே நடந்தது என்ன? தஞ்சைப் போராட்டத்தின் விளைவாக 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955-ல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1956-ல் நியாய வாரச் சட்டம் நஞ்சைக்கு 40 சதவீதம் என்றது. 1961-ல் உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். 1970-ல் 15 ஆயிற்று. சட்டம் வருவதற்குள் நிலம் உறவினர் பெயருக்கும் டிரஸ்டு பெயருக்கும் ஓடி ஒளிந்தது. 1968-ல் ஜப்பான் முதலாளித்துவ உலகத்தின் இரண்டாவது பெரிய பொருளாதாரமாயிற்று. அதே 1968 டிசம்பர் 25-ல், கூலி நெல் கூடக் கேட்ட குற்றத்துக்காகக் கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். இந்த இரண்டு செய்திகளையும் ஒரே பக்கத்தில் எழுதும் பாடப்புத்தகம் நமக்கு வேண்டும். கேரளத்திலும் மேற்கு வங்கத்திலும் இடதுசாரிகள் நிலச் சீர்திருத்தத்தில் எதைச் சாதித்தார்கள், எங்கே தடை வந்தது என்பதும் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நாம் சீனத்தைத் துதிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. 1958-க்குப் பிறகு அங்கே நேர்ந்த பஞ்சத்தையும், லட்சக்கணக்கில் என்று சொல்லி நிறுத்த முடியாத உயிர்ச்சேதத்தையும் மாணவர்கள் படிக்க வேண்டும். கலாசாரப் புரட்சியின் கேடுகளையும் படிக்க வேண்டும். சீனக் கட்சியே 1981-ல் தீர்மானம் போட்டு அந்தக் காலத்தின் பெரும் பிழைகளைப் பேசியது. உண்மையைக் கண்டு பயப்படுகிறவன் உழைப்பாளியின் தோழனாக இருக்க முடியாது. விளைச்சல் கணக்கை மேலிடத்துக்குப் பிடித்தபடி எழுதினால் கிராமத்தில் என்ன நடக்கும் என்பதும் சரித்திரம் கற்றுத்தரும் பாடங்களில் ஒன்று.

வாசலுக்கு வந்த கொரியா

கடைசியாக ஒன்று. இன்று கிழக்காசியா நம் வாசலுக்கே வந்துவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் கொரியாவின் ஹூண்டாய் 1998-லிருந்து கார் செய்கிறது. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலை இருக்கிறது. தைவானின் ஃபாக்ஸ்கான், ஜப்பானியக் கம்பெனிகள் என்று வரிசை நீளுகிறது. நம் பிள்ளைகள் விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள்.

அந்த முதலாளிகளின் சரித்திரம் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? அதைவிட முக்கியமாக, அந்த நாட்டுத் தொழிலாளரின் சரித்திரம் தெரிய வேண்டாமா? 1970 நவம்பர் 13-ல் சியோல் நகரத்துத் தையல் பட்டறைத் தொழிலாளி ஜியோன் தே-இல், ஏட்டில் இருந்த தொழிலாளர் சட்டத்தை அமல் செய்யக் கோரித் தன்னைத் தானே எரித்துக்கொண்டார். வயது 22. பட்டறைகளில் இருமிக்கொண்டே தைத்த சின்னஞ்சிறு பெண்களுக்காக அவர் செத்தார். 1987 ஜூலை முதல் செப்டம்பர் வரையில் கொரியாவெங்கும் ஆலைகள் நின்றன. சர்வாதிகாரத்தை அசைத்த ஜன இயக்கத்தைத் தொடர்ந்து எழுந்த அந்தப் போராட்டத்தில்தான் சுதந்திரமான தொழிற்சங்கங்கள் காலூன்றின.

சாம்சங் நிர்வாகம் தன் சொந்த நாட்டில் சங்கமே கூடாது என்ற கொள்கையைப் பல பத்து வருஷங்கள் வைத்திருந்தது. 2020 மே மாதம் அதன் துணைத் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, இனி அந்தக் கொள்கை இல்லை என்று அறிவித்தார். 2024 ஜூலையில் கொரியாவில் அதன் தொழிலாளர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே வருஷம் செப்டம்பர் 9-ல் சுங்குவார்சத்திரத்துத் தொழிலாளர்கள் சி.ஐ.டி.யு. தலைமையில் சங்க உரிமை கேட்டு வேலையை நிறுத்தினார்கள். 37 நாள் உறுதியாக நின்றார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று.

இந்த இரண்டு போராட்டங்களும் ஒரே சரித்திரத்தின் இரண்டு ஏடுகள். முதலாளி கொரியாவிலிருந்து வந்தான் என்பதைப் பத்திரிகைகள் எழுதுகின்றன. தொழிற்சங்கமும் அங்கே ரத்தம் சிந்திப் பிறந்தது என்பதை யார் சொல்லுவது? ‘கொரியாக்காரன் இப்படித்தான்’ என்று இனத்தைத் திட்டுகிறவனுக்கு இந்தச் சரித்திரமே பதில். கொரியாவில் இரண்டு கொரியா உண்டு. வடக்கு, தெற்கைச் சொல்லவில்லை, உழைக்கும் கொரியாவையும் உழைப்பைத் தின்னும் கொரியாவையும் சொல்லுகிறோம்.

செய்ய வேண்டியது

நாம் பத்தாம் வகுப்போடு நின்றவர்கள். சர்வகலாசாலைப் பேராசிரியருக்குப் பாடம் சொல்ல வரவில்லை. ஆனால் சர்வகலாசாலை நம் வரிப்பணத்தில் நடக்கிறது. அதில் என்ன சொல்லிக் கொடுக்கப்படுகிறது என்று கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு. ஆகவே இந்த வகுப்பின் முன் சில யோசனைகளை வைக்கிறோம்.

ஒன்று: காலேஜ்களில் கிழக்காசியச் சரித்திரப் பாடம், மன்னர் வரிசையாக இல்லாமல், நிலம், கூலி, ஆலை, பெண்கள், யுத்தத்துக்குப் போன ஏழைச் சிப்பாய் ஆகியவற்றை வைத்துத் திருத்தி எழுதப்பட வேண்டும். இந்தியாவுக்கும் அந்த நாடுகளுக்கும் உள்ள தொடர்பு ஒவ்வோர் அத்தியாயத்திலும் வர வேண்டும்.

இரண்டு: சீன, ஜப்பானிய, கொரிய மொழிகளிலிருந்து நேராகத் தமிழுக்குச் சரித்திர நூல்கள் வர வேண்டும். ஆங்கிலத்தின் வழியே வரும்போது ஆங்கிலேயனின் கண்ணும் கூடவே வருகிறது. அதற்காக ஏழை வீட்டு மாணவர்களுக்கு மொழி கற்க உபகாரச் சம்பளம் வேண்டும்.

மூன்று: சர்க்கார் காலேஜ்களில் காலியாக இருக்கும் ஆசிரியர் இடங்களை நிரந்தர நியமனத்தால் நிரப்ப வேண்டும். மணிக்கூலிக்கு வந்து போகும் ஆசிரியரிடம் ஆராய்ச்சியை எதிர்பார்ப்பது, விதைநெல் கொடுக்காமல் விளைச்சல் கேட்பது போல.

நான்கு: நாமே செய்ய வேண்டியது. சரித்திரம் படிக்கும் மாணவத் தம்பிகளும் தங்கைகளும் மாதத்துக்கு ஒரு நாள் இங்கே வந்து, தங்கள் பாடத்திலிருந்து ஓர் அத்தியாயத்தை ஊராருக்குச் சொல்ல வேண்டும். ஊரார் கேள்வி கேட்க வேண்டும். ‘அப்போது நிலம் யாரிடம் இருந்தது? கூலி எவ்வளவு? யார் செத்தார்கள்? யார் கொழுத்தார்கள்?’ இந்த நாலு கேள்வி போதும். பதில் தெரியாவிட்டால் மாணவர் காலேஜுக்குப் போய்ப் பேராசிரியரைக் கேட்கட்டும். தென்னேரியில் எழும் கேள்வி சர்வகலாசாலை வகுப்பறைக்குப் போய்ச் சேரட்டும்.

முதல் பாடமாகச் சான்யுவான்லியை வைத்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் ஜப்பானின் நிலச் சட்டம். அதற்கடுத்து சியோலின் தையல் பட்டறை. ஒவ்வொரு பாடத்துக்கும் யார் பொறுப்பு என்பதை இன்றே பெயர் எழுதி முடிவு செய்துவிட்டுக் கலைவோம், தோழர்களே!